இடுப்புப் புராணம்

சேலம்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் திங்கள்கிழமை கிடைத்தது. பேரன் பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்குக் கீழேயே, "ரெண்டு பத்திரம் எழுதிவிட்டு எழுந்தால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது" என்று புலம்பியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, போன மார்ச்சில் நானும் இதே பாட்டைத்தான் பாடினேன்.

கணக்கு முடிக்கிற மாதம். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது, மறுபடி இரவு ஏழு வரை. ஒருநாள் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தேன், சுளீரென்று பிடித்துக்கொண்டது. வாஷ்பேசினைப் பிடித்தபடி நிற்கும்போது தும்மல் வேறு வந்தது பார், உயிர் போய்த் திரும்பியது. கால் முன்னே வரப் பிறந்தவர் யாராவது மிதித்தால் சரியாகிவிடும் என்று மாமியார் ஆள் தேடக் கிளம்பினார். நல்லவேளை, எங்கள் தெருவில் எல்லோருமே தலை முன்னே வந்தவர்கள்.

மூன்று நாள் அசையாமல் படுத்தேன். இறுக்கம் கூடியதுதான் மிச்சம். அப்புறம் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். "படுத்தது போதும் சார், நடங்க" என்றாள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாதாம். நாம் அசையும்போது அமுங்கி விரிந்துதான் சுற்றிலுமிருந்து சத்தை இழுத்துக்கொள்ளுமாம். மணிக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் அதற்கு வழியேது? பேசிக்கொண்டே என் பேன்ட்டின் பின் பாக்கெட்டைக் காட்டி, "அதை எடுத்து மேஜை மேல வைங்க" என்றாள். பர்ஸ். பெட்ரோல் பில், ஆர்சி நகல், மூன்று வருஷத்து ரசீதுகள் எல்லாம் சேர்ந்து செங்கல் கனம். எத்தனை வருஷமாக ஒரு பக்கம் மேடு வைத்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாலே வெட்கமாக இருந்தது.

அவள் ஒரு கதையும் சொன்னாள். 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒருவர் கால் வரை இறங்கிய முதுகுவலியோடு போயிருக்கிறார். குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலின் தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதுகு பின்னால் வளைந்தபடியே அவர் கிடக்க, மெக்கென்சி வந்து பார்த்துப் பதறினால், காலில் இருந்த வலி போய்விட்டது என்றாராம் அவர்! அதிலிருந்து வந்த பயிற்சியைத்தான் எனக்கும் கொடுத்தாள். குப்புறப் படுத்து, உள்ளங்கையை ஊன்றி மேலுடம்பை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும், இடுப்பு தரையிலேயே கிடக்க வேண்டும். பத்துத் தடவை. காலுக்கு இறங்கிய வலி மேலேறி இடுப்போடு நின்றால் சரியான திசையாம். இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லோருக்கும் இது ஒத்துவராது, அதனால் நீயாகச் செய்யாமல் ஒருவரிடம் காட்டிவிட்டு ஆரம்பி.

நாற்காலி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பதினெட்டாயிரம் ரூபாய் நாற்காலியிலும் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். என் வைத்தியம் சின்ன டம்ளர். தண்ணீர் பாட்டிலை மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன், தாகம் எடுக்கும்போதெல்லாம் பானை வரை நடந்தே ஆக வேண்டும். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுகிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் உன்னை பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னதெல்லாம் வைத்தியம்தான் போலிருக்கிறது!

ஸ்கேன் எடுக்க அவசரப்படாதே. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கியிருந்ததாம். ஆனால் கால் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் கோளாறு வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. இதில் விளையாட்டு வேண்டாம்.

பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளைச் சொல், வந்துவிடுகிறேன். ஒரே மூச்சில் வர மாட்டேன். நாமக்கல்லில் இறங்கி ஒரு டீ, திருச்சியில் இறங்கி இன்னொரு டீ. லேட்டானால் திட்டாதே.

உன்
சேகர்