கோடனுக்குத் தனி வளை: ஓவியர் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

முடிவு பண்ணியாச்சு. நம் பிள்ளைகள் கதைத் தொடரின் நாயகன் கோடன், அந்தக் கோடு போட்ட சிப்மங்க் (தரையில் வளை தோண்டி வாழும் சின்ன அணில்), குடும்பத்தோடு இல்லாமல் தனி வளைக்குப் போகிறான். எட்டுக் கதைகளின் எழுத்தும் அச்சகத்துக்குப் போய்விட்டது. படங்கள் மட்டும்தான் பாக்கி. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். "அடுத்த கதை எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விஷயம் ஒன்றே ஒன்றுதான். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இருக்கும் சிப்மங்க், குடும்பம் நடத்துகிற பிராணி இல்லை. ஒரு வளைக்கு ஒரு ஆள். ஆண் வரும், சேரும், போய்விடும். சுமார் 31 நாளில் நாலைந்து குட்டிகள் பிறக்கும். ஒவ்வொன்றும் 3 கிராம்தான். மேலே ஒரு மயிர் இருக்காது, கண் திறக்கவே ஒரு மாதமாகும். எல்லாப் பாடும் தாயோடது. அந்த ஒரு மாதமும் கோடன் நாலு மரம் தள்ளித் தன் வளையில் கொட்டை அடுக்கிக்கொண்டிருப்பான், தகப்பன் ஆன சேதியே தெரியாமல். உங்கள் படத்தில் அவன் தொட்டில் ஆட்டுகிறான்.

அழகான படம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

"கதை எழுதச் சொன்னா உயிரியல் பாடம் நடத்துறான்" என்று நீங்கள் சிலரிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. நடத்துகிறேன்தான். ஆனால் நம் தொடரில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த இடங்களை எண்ணிப் பாருங்கள், எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை. மூன்றாவது கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்மங்குகள் ஒன்றின் கிடங்கில் இன்னொன்று திருடும். கன்னப்பை இரண்டையும் நிரப்பினால் ஒவ்வொன்றும் தலை அளவுக்கு உப்பும். அந்தச் சுமையை வளையில் இறக்கி முன்காலால் கன்னத்தை அழுத்தி வெளியே தள்ளிவிட்டு, அடுத்த நடைக்குக் கிளம்பினால் வளையில் ஆள் இல்லை. பக்கத்து வளைக்காரனுக்கு அதுதான் நேரம். அவன் இங்கே அள்ளும்போது கோடன் அவன் வளையில் அள்ளுகிறான். ஒரே ஓக் கொட்டை சாயங்காலம் வரை இரண்டு வளைக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறது, இரண்டு பேரும் இன்றைக்கு நல்ல வேட்டை என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறார்கள். இதை நான் கற்பனை பண்ணவே வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் நீட்டினேன், அவ்வளவுதான்.

குளிர்காலக் கதையும் அப்படித்தான். கரடி கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு படுக்கும். சிப்மங்க் கொழுப்பை நம்புவதில்லை, கிடங்கை நம்புகிறது. உடம்புச் சூடு வளையின் குளிருக்குப் பக்கத்தில் இறங்கிப் படுத்துக் கிடக்கும், சில நாளைக்கொரு தடவை எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கும். நீங்கள் முதலில் போட்ட உருண்டைக் கோடனைக் குறைக்கச் சொன்னது அதனால்தான். கிடங்கில் எதை வைக்கிறான் என்பதும் முக்கியம். வெள்ளை ஓக்கின் கொட்டை விழுந்த இலையுதிர்காலத்திலேயே வேர் விட்டுவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டை அடுத்த வசந்தம் வரை சும்மா கிடக்கும். விவரம் தெரியாத கோடன் வெள்ளை ஓக்கை அடியில் போட்டுச் சிவப்பை மேலே அடுக்கினான். நடுக்குளிரில் பசியோடு எழுந்து பார்த்தால் சமையலறைக்குள் வேர் ஓடிக் கிடக்கிறது. அந்த முகத்தை நீங்கள் வரைந்த மாதிரி வேறு யாராலும் வரைய முடியாது. ஒரு புருவம்கூட இல்லாத பிராணிக்கு அவ்வளவு திகைப்பு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது அந்த மண் விவகாரம் வந்து முன்னால் நிற்கிறது.

வளை வாசல் படத்தில் பக்கத்திலேயே அழகாக ஒரு மண்மேடு போட்டிருந்தீர்கள். அழிக்கச் சொன்னேன். சிப்மங்க் வாசலில் மண் இருக்காது. தரையில் சுமார் 5 சென்டிமீட்டர் அகலத்தில் சுத்தமான ஓர் ஓட்டை, சுற்றிலும் சருகு, அவ்வளவே. நீங்கள் ரப்பரை எடுக்கவில்லை. "அப்போ தோண்டின மண்ணு எங்கே போச்சு?" என்றீர்கள். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதைக் கேள்வியாக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. படத்தின் ஓரத்தில் பென்சிலால் கணக்கே போட ஆரம்பித்துவிட்டீர்கள். 5 சென்டிமீட்டர் அகலம், சுரங்கம் 6 மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லிட்டர் மண். எடை போட்டால் 15 கிலோ வரும். அதில் படுக்கை அறை சேரவில்லை, கிடங்கு சேரவில்லை. தோண்டினவன் எடை 100 கிராம். தன்னைப் போல 150 மடங்கு மண்ணை ஒருத்தன் வெளியே தள்ளியிருக்கிறான், வாசலில் ஒரு பிடிகூட இல்லை.

அவன் வேலை செய்த ஓட்டை வேறு என்று சொன்னேன். ஓர் இடத்தில் தோண்டத் தொடங்கி, மண்ணை எல்லாம் அந்த வழியே தள்ளுவான். சுரங்கம் நீண்டதும் தள்ளியிருக்கும் ஓர் இடத்தில் அடியிலிருந்து மேலே குடைந்து புது வாசல் திறப்பான். அது கீழிருந்து திறந்த வாசல், விளிம்பில் மண் சிதறாது. பழைய ஓட்டையை உள்ளிருந்து அடைத்துவிடுவான். மண்மேடு கிடக்கும் இடத்தில் வழி இல்லை. வழி இருக்கும் இடத்தில் மண் இல்லை. நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மண்மேட்டை அழிக்காமல் தாளின் இந்த ஓரத்துக்கு நகர்த்தி, அதன் மேல் மூக்கை வைத்து மோந்துகொண்டு நிற்கிற வீசல் ஒன்றை, கீரி மாதிரி ஒல்லியான அந்த வேட்டைப் பிராணியை, போட்டீர்கள். அந்த ஓரத்தில், பெரணி இலைக்கடியில், கோடனின் இரண்டு கண்கள்.

வீசலைப் போட்டதுதான் சரியான இடம். பருந்தும் நரியும் வாசலோடு நின்றுவிடும். வீசலின் ஒல்லி உடம்பு வளைக்குள்ளேயே நுழைந்துவிடும். அதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை. எப்படிப் போட்டீர்கள்?

அப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர், குட்டிகள் வீட்டைவிட்டுப் போகிற கதையை மட்டும் வரைய மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே நாலு பேர் படிப்பார்கள், அதனால் அதை இங்கே தொடவில்லை. அது நமக்குள் இருக்கட்டும். ஆனால் காரணம் தெரியும் என்பதற்காகவே ஒன்றரை வருஷம் அந்தக் கதையை ஓரம்கட்டி வைத்தேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களைக் கேட்காமல் எழுத்தை அனுப்பியதற்கு மன்னியுங்கள். கேட்டேன், பதில் வரவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டதற்கும் சேர்த்து மன்னியுங்கள். அதற்கு மேல் வளைய என்னால் ஆகவில்லை.

புதுக் கதை இதுதான். பிறந்து ஆறு வாரத்தில் குட்டிகள் முதல் தடவை வெளியே வருகின்றன. தாய் சத்தம் கற்றுக்கொடுக்கிறாள்: தரையில் ஆபத்து என்றால் கீச்சென்று "சிப்", வானத்தில் என்றால் அடங்கின குரலில் "டொக்". ஐந்தில் கடைசி வாண்டு இரண்டையும் மாற்றிப் போட்டு, பருந்து வரும்போது எல்லோரையும் தரையைப் பார்க்க வைக்கிறது. எல்லோரும் தப்பிக்கிறார்கள், பருந்துக்கே சிரிப்பு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன், அது என் பங்குப் பொய். இன்னும் ஓரிரு வாரத்தில் தாய் அவற்றோடு இருப்பதை விட்டுவிடுகிறாள். ஒவ்வொன்றும் காலி வளை தேடிக் கிளம்புகிறது. கடைசி வாண்டு ஒரு வளைக்குள் தலையை விடுகிறது. உள்ளே கிடங்கு நிறையப் பீச் (beech) மரத்துக் கொட்டை. இரண்டு கன்னமும் நிரம்பித் திரும்பினால் வாசலில் கோடன் நிற்கிறான்.

கோடன் துரத்துகிறான். பழைய கற்சுவரைச் சுற்றி, விழுந்த மரத்துக்கடியில், மறுபடி கற்சுவரைச் சுற்றி. வாண்டு ஓடிக்கொண்டே படபடவென்று கத்துகிறது. சுவர் இடுக்கில் தப்பிவிடுகிறது. கோடன் வளைக்குத் திரும்பி, எத்தனை கொட்டை போயிற்று என்று பார்த்து முணுமுணுத்துக்கொண்டு படுத்துவிடுகிறான். தன் மகனைத் துரத்தினோம் என்று அவனுக்குத் தெரியாது. தகப்பன் துரத்தினான் என்று வாண்டுக்கும் தெரியாது. படிக்கிற பிள்ளைக்கு மட்டும் தெரியும். தொட்டில் ஆட்டுகிற கோடனை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எழுதவே முடியாது, அக்கா. இதை விட்டுக்கொடுக்கச் சொன்னீர்கள் நீங்கள். அதுவும் என்னிடம் கேட்டீர்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். துரத்தல் காட்சியில் இரண்டு பேர் வாலும் கொடிக்கம்பமாக நிமிர்ந்திருக்க வேண்டும். ஓடும்போது அவை அப்படித்தான் பிடிக்கும். முந்தின படங்களில் வால் பின்னால் படுத்திருக்கிறது, நாலாவது பக்கத்தையும் ஏழாவது பக்கத்தையும் திருத்துங்கள். முதுகில் கரும்பட்டை ஐந்து. நடுவில் ஒன்று தனியாக. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, அந்த இரண்டுக்கும் இடையே வெளிர்ப்பட்டை. பட்டைகள் பிட்டத்துக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும், அதற்குப் பின் செம்பழுப்பு. கண்ணை ஒட்டி முகத்திலும் பட்டை உண்டு, அதை விட்டுவிட்டால் பார்க்கிறவர்கள் தென்னை மரத்து அணில் என்றுதான் நினைப்பார்கள். கோடனையும் வாண்டையும் பிரித்துக்காட்ட நிறத்தில் கைவைக்க வேண்டாம். கோடனுக்கு இடது காதில் ஒரு கிழிசல் போடுங்கள், தாய்க்கு வால் நுனி போயிருக்கட்டும்.

அட்டையில் உங்கள் பெயர்தான் முதலில். அதை மாற்றச் சொல்லி யார் கேட்டாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரைய முடியாதென்றால் அதையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் படம் இல்லாமல் வெறும் எழுத்தாகப் போகும். வேறு ஆளை வைத்து வரையச் சொல்கிறார்கள், முடியாது என்றுவிட்டேன். அச்சகத்தில் அடுத்த வெள்ளிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி