கோபித்தாவது பேசு

அன்புள்ள மகளுக்கு,

பூசைக்குப் போக மனம் வரவில்லை என்று நீ சொன்னபோது எனக்கு வாயில் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மருமகனின் விபத்தை "ஆண்டவரின் சித்தம்" என்று சொல்ல, உனக்கு வயிறு எரிந்ததாம். எரியாமல் என்ன செய்யும்? 2009இல் வன்னி யுத்தத்தில், வலைஞர்மடத்தில் உன் அண்ணாவைப் பறிகொடுத்தபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பிள்ளையைக் கொன்றது எறிகணை. அதை அவருடைய சித்தம் என்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இலாசரை அடக்கம் செய்து நான்கு நாள் கழித்து வந்த இயேசுவிடம் மார்த்தா என்ன சொன்னாள்? நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இலாசரை எழுப்பப்போகிறவர், அதற்கு முன் நின்று அழுதார். நான் பற்றிக்கொண்டிருப்பது அந்தக் கண்ணீரைத்தான், மகள்.

2008 ஏப்ரலில், யுத்தம் நெருங்கியதால், மன்னார் மடுக் கோயிலில் இருந்த மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது உனக்கு நினைவிருக்கும். பிறகு நாங்கள் தருமபுரம், விசுவமடு என்று ஓடிய நாட்களில், "மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்துவிட்டா" என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே வந்தார். எந்தப் பிரசங்கமும் எனக்கு அவ்வளவு ஆறுதல் தந்ததில்லை.

உயிர்த்த ஆண்டவர், நம்ப மறுத்த சீடர் தோமையாருக்குக் காட்டியது ஆணிக் காயங்களை. மகிமையான உடலிலும் அவை இருந்தன! உன் அண்ணாவை நான் மீண்டும் காணும் நாளிலும் எங்களுக்கு நடந்தது மறைந்துபோகாது. காயத்தோடு உயிர்த்தவர் முன்னால்தான் அவனைக் காண்பேன். இதை நான் முழு மனதோடு விசுவசிக்கிறேன்.

அவனுக்குக் கல்லறை இல்லை. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையின் நடுச் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். என்னைப் போன்ற தாய்மார் பலர் அங்கே வருவார்கள். யாரும் யாரையும் தேற்ற முயல்வதில்லை. பக்கத்தில் நிற்போம், சேர்ந்து செபமாலை சொல்வோம்.

இப்போது பூசைக்குப் போக முடியாவிட்டால் விடு. அவரோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. கோபித்தாவது பேசு. உன்னால் செபிக்க முடியாத நாட்களுக்கு நான் இங்கே செபிக்கிறேன்.

ஆகஸ்ட் 15 ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறோம். மருமகனின் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். பேரனுக்கு அப்போது பள்ளி விடுமுறைதானே, கூட்டிக்கொண்டு வரப் பார். டிக்கெட் எடுத்தால் உடனே சொல்லு. கூடாரம் போட முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா