பழைய டிராக்டர் வாங்குவதற்கு முன்: ஆனேக்கல் நண்பருக்கு ஒரு கடிதம்

அல்சூர்,
பெங்களூரு.

அன்புள்ள கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ராகி அறுப்பு நல்லபடியாக முடிந்ததும், அண்ணியாரின் முழங்கால் வலி குறைந்திருப்பதும் மனத்துக்கு நிறைவாக இருக்கின்றன. இங்கே நாங்கள் அனைவரும் நலம். இளைய மகள் வேலை மாற்றலாகி மைசூருக்குப் போய்விட்டதால் வீடுதான் சற்று வெறிச்சோடிக் கிடக்கிறது.

டிராக்டர் வாங்கியே தீர வேண்டும் என்ற உங்கள் முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். முதல் மழை விழுந்த வாரத்தில் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு தேவைப்படுகிறது; வாடகை வண்டி நம் முறைக்கு வந்து சேர்வதற்குள் செம்மண்ணில் ஈரம் போய்விடுகிறது. சொந்த நிலம் ஒன்பது ஏக்கரோடு மைத்துனரின் நிலத்தையும் நீங்களே பார்ப்பதால், வண்டி சும்மா நிற்கும் என்ற கவலையும் இல்லை. ஆனால் எல்லாக் கருவிகளையும் கூடவே வாங்கிவிட வேண்டாம். ஒன்பது கொழுக் கலப்பை ஒன்று போதும்; மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை முதல் வருடம் கிருஷி யந்திரதாரே என்ற அரசுத் திட்டத்தின் வாடகை மையத்தில் எடுத்துப் பாருங்கள்.

அத்திப்பள்ளியில் விலைக்கு வந்திருக்கும் எச்.எம்.டி. 3522 பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையில் நாம் சேர்ந்து உழைத்த வருடங்களை நினைத்தால், அந்தப் பெயர் பொறித்த வண்டி உங்கள் களத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆயினும் வேண்டாம் என்றே சொல்வேன். ஹரியானாவின் பிஞ்சோரில் இருந்த அதன் டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. இனி அந்த வண்டிக்கு உதிரிபாகம் தேடுவது வருடத்துக்கு வருடம் கடினமாகத்தான் ஆகும். விதைப்பு வாரத்தில் ஒரு பல்சக்கரத்துக்காக வண்டி நின்றுபோனால், மலிவாக வாங்கியதன் பலன் அந்த ஒரு வாரத்திலேயே கரைந்துவிடும்.

உங்கள் மண்ணுக்கும் வேலைக்கும் 40 முதல் 45 குதிரைத்திறன் சரியாக இருக்கும். விளம்பரத்தில் சொல்லப்படுவது இன்ஜினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அதில் ஏறக்குறைய 85 சதவீதமே வந்து சேரும். 42 குதிரைத்திறன் வண்டியில் அது 36ஐ ஒட்டி நிற்கும். ஐந்தடி ரோட்டவேட்டருக்கு அதுவே தாராளம். மாஸி ஃபெர்குசன் 241, மஹிந்திரா 475 ஆகிய இரண்டும் 42 குதிரைத்திறன் கொண்டவை. ஆனேக்கலிலும் ஓசூரிலும் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்; பாகங்களுக்குப் பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் மெக்கானிக்குக்குக் கைபழகிய வண்டி எதுவோ, அதுவே உங்களுக்கு நல்ல வண்டி. தரகர் இரண்டு வருடப் பழைய 55 குதிரைத்திறன் வண்டியைக் காட்டி ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் வந்துவிட்டதால், அவற்றில் டீசல் தெளிப்பு மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறியிருக்கிறது; கோளாறு வந்தால் ஊர்ப் பட்டறையில் தீராது.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று: வண்டி எத்தனை மணிநேரம் ஓடியது என்பதைவிட என்ன வேலை செய்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். மணி மீட்டர் பழுதாகிப் பல மாதம் நின்றிருக்கலாம், மாற்றப்பட்டும் இருக்கலாம். பெங்களூரைச் சுற்றி விலைக்கு வரும் டிராக்டர்களில் பல, வயலையே பார்க்காதவை. 2024 கோடையில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது டேங்கர் இழுத்தவையும், செங்கல்லும் ஜல்லியும் சுமந்த டிரெய்லர்களை இழுத்தவையும் இன்று புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு உழவு வண்டி என்ற பெயரில் நிற்கின்றன. அவற்றில் கிளட்ச், பிரேக், மேல் கியர்கள் எல்லாம் தேய்ந்திருக்கும். இதைக் கண்டறியப் பின்பக்கம் குனிந்து பார்த்தாலே போதும். டிரெய்லர் கொக்கி மாட்டும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்க, கலப்பை மாட்டும் கைகளின் உருண்டைகளும் பி.டி.ஓ. தண்டின் பற்களும் மட்டும் தேயாமல் இருந்தால், அது சாலையில் உழைத்த வண்டி. பின் டயரின் கட்டைகள் நடுவில் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதும் தார்ச்சாலையின் அடையாளமே. நெல்வயல் சேற்றில் வருடக்கணக்காக உழன்ற வண்டிக்கு வேறு நோய்: அச்சுகளின் சீல் போய், முன்சக்கரக் குடத்துக்குள் சேறு புகுந்து பேரிங்கைத் தின்றிருக்கும். மானாவாரியில் ராகியும் கொள்ளும் விதைத்த குடும்பத்திடமிருந்து நேரடியாக வரும் வண்டியைத் தேடுங்கள். கோலார், சிந்தாமணிப் பக்கம் அப்படிப்பட்டவை கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது விடியற்காலையில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் இன்ஜின்மீது கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி உயிர் பெறுகிறது என்பதில்தான் அதன் உண்மையான நிலை தெரியும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, அதாவது ரிங்கும் லைனரும் போய்விட்டன. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தெளிப்பானிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு இருக்கலாம். ஆயில் பால்போல் கலங்கியிருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது, பேசாமல் திரும்பிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருகிறதா என்றும் பாருங்கள். பிறகு கலப்பையை மாட்டி உயரத் தூக்கி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அது கொஞ்ச நேரத்திலேயே தரைக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது. கடைசியாக அரை மணிநேரமாவது வயலில் உழுது காட்டச் சொல்ல வேண்டும். தெருவில் ஓட்டிக் காட்டுவதை மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குங்கள். உங்கள் தோள்பட்டையை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

காகித விஷயத்தில் நீங்கள் எப்போதும் கவனமானவர், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். ஓசூரில் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணோடு மலிவாகக் கிடைத்தால், படிவம் 28இல் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்யும் அலைச்சலையும் விலையில் கணக்கிடுங்கள். டிரெய்லர் சேர்த்துக் கொடுத்தால் அதற்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

விலை பேசும்போது உங்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டர்மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் என்றால், வரியில் மட்டும் 49,000 ரூபாய் மிச்சம். புதியதன் விலை இறங்கிய பிறகும் பழைய வண்டிக்காரர்கள் முந்தைய கணக்கிலேயே கேட்டால் நாம் ஏன் கொடுக்க வேண்டும்? நீங்கள் ஒதுக்கியுள்ள 4 லட்சத்தில் மூன்றேகால் லட்சத்துக்குள் வண்டியை முடித்து, மீதியை டயர், பேட்டரி, கிளட்ச் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி எதுவாயினும் முதல் வருடம் அந்தப் பணத்தைக் கேட்கும். பி.டி.ஓ. தண்டின் மேல்மூடி இல்லாத வண்டியாக இருந்தால், அந்தப் பணத்தில் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ஓடியாடும் களம் உங்களுடையது.

சிந்தாமணிப் பக்கம் ஒரு மாஸி 241 இருப்பதாக எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் சொன்னார். வரும் ஞாயிறு காலை நான்கு மணிக்கெல்லாம் இங்கிருந்து கிளம்பலாம்; சனிக்கிழமை இரவே என் வீட்டுக்கு வந்து தங்கிவிடுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக்கையும் அழைத்து வாருங்கள், அவருடைய ஒருநாள் கூலியை நாம் கொடுத்துவிடலாம். அதுவரை அத்திப்பள்ளிக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
இராமலிங்கம்