கடன் கிடைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாகத் தொழில் தொடங்குவோர் பற்றிய பேச்செல்லாம் கடன், மானியம் என்பதோடு நின்றுவிடுகிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்டம் போடலாம், மானியமும் உண்டு. சரி, ஆனால் அந்த மானியம் மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகவே கிடக்கும். வாராவாரம் கூலி கொடுக்க அது உதவாது.

திருப்பூரில் பவர் டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு தையல் கூடம்) போட்டு நிலைத்தவர்களில் பலர் முன்பு டைலராகவோ கட்டிங் மாஸ்டராகவோ இருந்தவர்கள். எந்த கம்பெனி ஒழுங்காகப் பணம் தரும், எது இழுத்தடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வெளியிலிருந்து வருபவருக்கு அது புரிவதற்குள் கைமுதல் கரைந்துவிடும்.

குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் யார் தருவார்? 2024 முதல் வந்த வருமான வரி மாற்றம் பரவாயில்லை. கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை கம்பெனிகள் அதைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. இதற்கு யாரும் புகார் செய்யத் தேவையும் இல்லை. ஆனால் தாம் குறு, சிறு நிறுவனம் என்று கம்பெனிக்குக் காட்ட, உத்யம் (இந்த நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணை பில்லில் போடுவது நல்லது என்பதுகூடப் புதியவர்கள் பலருக்குத் தெரியவில்லை.

திட்ட அறிக்கை எழுதச் சொல்லித்தரும் நேரத்தில் பாதியை, பில் போடவும் பாக்கி வசூலிக்கவும் சொல்லித்தர மாவட்டத் தொழில் மையங்கள் ஒதுக்கலாம்.

- ஒரு வாசகர், திருப்பூர்