பயிற்சியாளர் தேவையில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஏஐ பற்றிய சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். “நீச்சல் குளத்திலும் வகுப்பறையிலும் இனி சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படாது” என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தபோதே எங்களைத் தேவையென்று யாரும் நினைத்ததில்லை. இப்போது அதை அச்சிலும் ஏற்றிவிட்டீர்கள், நன்றி.

அவர் காட்டும் சான்று அமெரிக்க வீராங்கனை கேட் டக்ளஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வாங்கியவர். சரி. ஆனால் அது ‘ஏஐ வாங்கித் தந்த தங்கம்’ ஆனது எப்படி? டக்ளஸ் படித்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அப்போது கணிதப் பேராசிரியராக இருந்த கென் ஓனோ, நீச்சல்காரர்கள் உடம்பில் சின்ன சென்சார்களைக் கட்டிவிட்டு, எந்த அசைவில் வேகம் கூடுகிறது, எங்கே தண்ணீர் பிடித்து இழுக்கிறது என்று கணக்குப் போட்டார். அதற்கு அடிப்படை நம் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் படிக்கும் நியூட்டன் விதிகள். அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் டக்ளஸும் ஒருவர். அவர் புள்ளியியல் படித்தவர். இத்தனைக்கும் நடுவே குளக்கரையில் டாட் டிசார்போ என்று ஒரு பயிற்சியாளர் நிற்கிறாரே, அவர் உங்கள் கண்ணில் படவே இல்லையா?

கும்பகோணத்துக்காரனுக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. கென் ஓனோ நம் ராமானுஜனின் கணிதத்தில் ஊறியவர், இந்த ஊரைத் தேடி வந்தவர். ராமானுஜனுக்குச் சிலை வைக்க ஓனோவின் அப்பாவும் நன்கொடை கொடுத்திருந்தார். அதற்கு நன்றி சொல்லி 1984இல் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளின் கடிதம் வீட்டுக்கு வந்ததையும், அதைப் படித்து அப்பா கலங்கியதையும் ஓனோவே எழுதியிருக்கிறார். தமிழ்ப் பத்திரிகைக்கு இது தெரியாமல் இருக்காது. இரண்டு பக்கக் கட்டுரையில் இடம்தான் கிடைக்கவில்லை போலும்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 2026–27 முதல் 3ஆம் வகுப்பிலிருந்தே ஏஐ பாடம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்திருக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதற்கான நேரத்தை எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பார்கள் என்பதை மட்டும் விசாரித்து எழுதுங்கள். எனக்கு விடை தெரியும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் ‘கடன்’ வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்றும் முன்பு இப்படித்தான் சொன்னார்கள். கடைசி வருஷங்களில் நான் மைதானத்தில் நின்றதைவிட, நெட் கிடைக்காத அறையில் மாணவர் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். அந்த மைதானத்திலும் பாதியைப் புதுக்கட்டடம் தின்றுவிட்டது.

நான் நீச்சல் சொல்லிக்கொடுத்தது குளத்தில் அல்ல, காவிரிப் படித்துறையில். வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்திருப்பேன். அந்தக் கையை எப்போது எடுப்பது என்பதுதான் முழு வித்தையும். ஒரு பிள்ளைக்கு மூன்றாம் நாளே எடுத்துவிடலாம். இன்னொன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு மாதக் கணக்கில் விடாது. இதைக் கேமரா கண்டுபிடிக்கும் என்றால் மகிழ்ச்சி, நேரில் வந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன். அதற்குள், மணல் அள்ளிய பள்ளம் தெரியாமல் கொள்ளிடத்தில் இறங்கிய மாணவர்களின் படங்களை ஒவ்வொரு கோடையிலும் நீங்களே போடுகிறீர்கள். அந்தச் செய்திக்குக் கிடைப்பது கால் பத்தி, ஏஐக்கு நான்கு பக்கம்.

என் கோரிக்கை சிறியது. மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடை நீச்சல் பயிற்சி எப்போது தொடங்குகிறது, கட்டணம் எவ்வளவு, எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள் என்பதை ஏப்ரல் முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள். பெற்றோர் கேள்விப்படுவதற்குள் இடமெல்லாம் தீர்ந்துவிடுகிறது.

அப்புறம், போன முறை செய்ததுபோல இந்தக் கடிதத்தின் ‘வணக்கம்’ வரைக்கும் மட்டும் போட்டுவிட்டு மீதியைக் கத்தரித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.