பக்கத்தில் உட்கார ஓர் அக்கா வேண்டும்: அரசு கல்லூரி அறிவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நானும் ஒரு சின்ன ஊர் அரசு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள்தான். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலம் கிளம்பியதிலிருந்து நிகர் ஷாஜி அவர்களின் படம் கண்ணில் படும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, அப்புறம் அந்தத் திட்டத்துக்கே இயக்குநர். ஆனால் மகளிர் தினத்தில் அவர் படத்துக்குக் கை தட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்புகிற பெண்ணுக்கு, மறுநாள் யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதே விடுதியில் ஓர் அக்கா சொல்லித்தான் தெரியும். விண்ணப்பத்தில் 'நான் ஏழைக் குடும்பத்துப் பெண்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ராத்திரி மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, "உன் கஷ்டத்தை யாரும் கேட்கலடி, லேபுல என்ன செஞ்சே, அதை எழுது" என்றார். எழுதினேன், இடம் கிடைத்தது.

அதே அக்கா 2018-இல், பிஎச்.டி. மூன்றாம் வருடத்தில், குழந்தை பிறந்ததும் ஆய்வை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் விடுப்பு உண்டு, ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறையிலேயே இருக்கிறது. அந்தத் துறையில் ஒருவர்கூட அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கே அது 2021-இல்தான் கண்ணில் பட்டது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931-இல் முனைவர் பட்டம் வாங்கினார், கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார் என்று வகுப்பில் சொல்கிறோம், சரி. ஆசியப் பெண்களுக்கென்றே அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகைதான் அவரை அங்கே கொண்டுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிற பெண்ணுக்கு வேண்டியது அந்த விவரம்தான்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவது கல்லூரி வரை கைகொடுக்கிறது. அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்ட ஆள் வேண்டும். உங்கள் துறையில் படித்து இப்போது எங்கேயாவது ஆய்வில் இருக்கும் பெண்களின் தொலைபேசி எண்களைத் திரட்டுங்கள், ஒருவருக்கு நான்கைந்து மாணவிகளை ஒப்படையுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் போதும், ஆனால் அது கால அட்டவணையில் இருக்க வேண்டும். ஒருங்கிணைக்கும் ஆசிரியருக்கு அது வேலை நேரமாகவே கணக்கில் வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும். பெற்றோரையும் ஒருமுறை கூப்பிடுங்கள். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்று ஓர் ஆசிரியர் வாயால் கேட்ட அப்பா, கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கல்லூரி முதலில் கூப்பிட்டாலும் முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். அக்காவிடமும் கேட்டேன், வருகிறேன் என்றார்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி