மாத வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களை ஆராயும் பல்கலைக்கழகத் துறைகளுக்கு,

வணக்கம். உங்கள் வினாத்தாளோடு வீடு வீடாகப் போகிறவர்கள் நாங்கள். ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ என்ற கேள்வியை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாட்கூலிக்குப் போகிறவர் அதைக் கேட்டதும் கூலியை மனதுக்குள் 25-ஆல் பெருக்கிச் சொல்லிவிடுவார். போன மாதம் வேலை கிடைத்தது 17 நாளாக இருக்கலாம். பொய்யில்லை, மாதம் என்றாலே நல்ல மாதம்தான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் 2012-13-ல் 235 குடும்பங்களின் வரவு செலவை ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து எழுதினார்கள். ஆண்டில் சுமார் ஐந்து மாதம், ஒரு குடும்பத்தின் வருமானம் அதன் சொந்தச் சராசரியைவிட 25 சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தது. ஒரு நாள் போய்க் கேட்டால் இது கண்ணில் படாது. அப்புறம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வழக்கம்போலச் சிக்கனப் பயிற்சி வகுப்பு நடத்துங்கள் என்ற பரிந்துரை வந்து உட்கார்ந்துகொள்ளும். கூலி 12-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி என்றால் வகுப்பு என்ன செய்யும்?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு, அதே ஆளை அதே வீட்டுக்கு அனுப்புங்கள். போனதும் கையிருப்பை எண்ணச் சொல்லி எழுத வேண்டும். பழைய இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். வராது. அந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கேட்டால் கைமாற்று, கடைப் பற்று, மீட்ட அடகு, பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த பணம் எல்லாம் வெளியே வரும். வரவா செலவா என்று கேட்டால் இவை யார் வாயிலும் வருவதில்லை. முதல் ஐந்தாறு சந்திப்பில் கணக்கு நிறையவே இடிக்கும், பழகப் பழகக் குறையும். ஆரம்பத் தாள்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

ஒருமுறைதான் போக முடியும் என்றால் சாப்பாட்டுச் செலவுக்கு ஏழு நாள் கணக்கும், மருத்துவம், பள்ளிக் கட்டணத்துக்கு ஓராண்டுக் கணக்கும் கேளுங்கள்.

கணவனையும் மனைவியையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். அந்த அம்மா ஒளித்துவைத்திருக்கும் சேமிப்பு பொதுத்தாளில் ஏறினால் அன்றைக்கே வீட்டில் சண்டை. தாளில் பெயர் வேண்டாம், எண் போதும்.

நிதி போதாது என்பீர்கள். 1,000 வீட்டுக்கு ஒருமுறை போவதும் 40 வீட்டுக்கு 26 முறை போவதும் ஏறக்குறைய ஒரே நடைதான். 40 வீட்டை வைத்து ஊருக்கே சதவீதம் சொல்ல முடியாதுதான். பணம் எந்த வாரத்தில், எதனால் பற்றாமல் போகிறது என்று சொல்லலாம்.

அடுத்த வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் எங்களுக்கு ஒரு படி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணக்கெடுப்புக் களப்பணியாளர்கள்